எம்-1 தாளில் சறுக்குவது ஏன்?

பொறியியல் முதல் பருவத்தில் மாணவர்கள் அதிகம் பயப்படும் தாள் ‘எம்-1’. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இதன் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. அணிகளில் தொடங்கிப் பல்தொகையீடு வரை ஐந்து அலகுகள். பிளஸ் 2 கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் இதில் அரியர் வைக்கிறார்கள். பாடம் புதிது என்பது ஒரு காரணம். பள்ளியிலேயே விட்டுப்போன அடிப்படைகள் அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

முதல் வரிசையில் 2, −1. இரண்டாம் வரிசையில் −1, 2. இந்த அணியின் ஐகென் மதிப்புகளைக் காண வேண்டும். மூலைவிட்ட எண்களிலிருந்து லாம்டாவைக் கழித்து அணிக்கோவையைப் பூஜ்யத்துக்குச் சமமாக்கினால், (2 − லாம்டா)² − 1 = 0. கல்லூரிப் பாடம் இவ்வளவுதான். மீதி வேலை பத்தாம் வகுப்பு இயற்கணிதம்: லாம்டா² − 4 லாம்டா + 3 = 0. விடை 1, 3.

பலர் தவறுவது வர்க்கத்தை விரிக்கும் இடத்தில். நடு உறுப்பு விட்டுப்போனால் லாம்டா² = −3 என்று கற்பனை எண் வந்து நிற்கும். மெய்யெண்களால் ஆன சமச்சீர் அணிக்கு ஐகென் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்களே. இந்த விதியைப் புரிந்து படித்தவர் பிழையை அந்த வரியிலேயே பிடித்துவிடுவார். படிகளை மனப்பாடம் செய்தவருக்கு அது கண்ணில் படாது.

இதே அணி அதிர்வுப் பாடத்தில் மறுபடி வரும். இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒரே எடையுள்ள இரண்டு கட்டைகளை ஒரே மாதிரியான மூன்று சுருள்வில்களால் இணைத்தால், அவை இயல்பாக ஆடும் இரு வேகங்களைத் தருபவை அந்த 1, 3 என்ற எண்களின் வர்க்கமூலங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தாடுவது மெதுவான அதிர்வு. எதிரெதிராக ஆடுவது அதைப்போல் ஏறத்தாழ 1.73 மடங்கு வேகமானது. நிலநடுக்கத்தில் அடுக்குமாடி எப்படி ஆடும் என்று கணிப்பதற்கும் இதுவே அடிப்படை. அணி மட்டும் பெரிதாகும்.

இடைவெளி எங்கே?

தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. ஆனால் அது பிளஸ் 2 மதிப்பெண். பிளஸ் 1 மதிப்பெண்ணுக்கு அதில் இடமில்லாததால், அந்த ஆண்டுப் பாடத்தை ஓட்டமாக முடித்துவிடும் பள்ளிகள் உண்டு. எம்-1 நிற்பதோ அந்தப் புத்தகத்தின் மேல்தான்: முக்கோணவியல், மடக்கை, பகுதி பின்னங்கள், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

கல்லூரி திறப்பதற்கு முன்பே பிளஸ் 1 புத்தகத்தைக் கையில் எடுங்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தெரிந்த கணக்கிலேயே கலைச்சொற்களைப் பழகிவிடலாம். விடையைப் பார்க்காமல், படிகளைத் தாவாமல் கையால் எழுதிப் போடுங்கள். தவறு எந்த வரியில் நேர்ந்தது என்று குறித்து வந்தால், எதை மறுபடி படிக்க வேண்டும் என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு, ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் கைகொடுக்கும்.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதலாண்டு அறிமுகப் பயிற்சியின்போதே மதிப்பெண் இல்லாத ஓர் அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். அரியர் விழுந்த பிறகு நடத்தும் சிறப்பு வகுப்பைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, கல்லூரி செய்யக்கூடிய முதல் உதவி இதுதான்.