ஷாம்பூ மாற்றினால் முடி கொட்டுமா?

வலப்பனைத் தோட்டப் பக்கம் சீயக்காயை விட்டு, கடை வாசலில் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பைக்கற்றுக்கு மாறியவர்கள் "முடி கொத்துக் கொத்தா போகுது" என்றால், பழி ஷாம்பூ மேல்தான் விழும். பெரும்பாலும் அது அநியாயம்.

உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது வளர்ச்சி நின்று, ஓய்வுக் காலம் முடிந்து விழுந்த முடி. காய்ச்சல், பிரசவம், சத்துக்குறைவு வந்து 2, 3 மாதம் கழித்துத்தான் இப்படிக் கூடுதலாக உதிரும். நேற்று மாற்றிய ஷாம்பூவுக்கு அதில் பங்கில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு; வாரம் ஒருமுறை தலை முழுகினால் சேர்ந்ததெல்லாம் அன்றைக்கே கையோடு வரும். குமிழில்லாத துண்டென்றால் முடி முறிகிறது.

முடி மங்குவதற்கு ஷாம்பூ பொறுப்பாகலாம். முடியின் மேற்புறம் கூரை ஓடுபோல் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். கடும் ஷாம்பூ எண்ணெய்ப்பசையைக் கழுவிவிட, செதில்கள் தூக்கி நிற்கும், பளபளப்பு போகும். முழுகுமுன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். 2003இல் வெளியான இந்திய ஆய்வில் அது முடியின் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெய் குறைக்கவில்லை.

தலையில் மாட்டும் கொழுந்துக் கூடைக் கயிறு இழுக்கும் இடத்தில் மட்டும் முடி குறைந்தால், கயிறு பதியும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். உதிர்வோடு களைப்பும் இருந்தால், புது எண்ணெய் வாங்குமுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள்; இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சோற்றோடு பிளேன்டீ வேண்டாம். அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.