கைக்குள் ஒரு திரை – 7: சாளரத்துக்குள் ராஜபாளையம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மலையில் மழை பிடித்தால் ஆற்றில் சட்டென்று வெள்ளம் இறங்கிவிடும். அங்கே போகிறவர்களுக்கு ஒரு சிறு வழிகாட்டியை, 2004-ல் வெளிவந்த நின்டெண்டோ டிஎஸ் கருவியில் எழுதிப் பார்ப்போம். மேல் திரையில் வழி. கீழ்த்திரையில் இடப்பக்கம் ஊர்களின் பட்டியல், வலப்பக்கம் குறிப்பு.

டிஎஸ்ஸின் ஒவ்வொரு திரையும் 256×192 புள்ளிகள். 8×8 கட்டங்களாகப் பிரித்தால் அகலத்தில் 32 கட்டம், உயரத்தில் 24 வரி. டிஎஸ் நிரல்களுக்கான லிப்என்டிஎஸ் நூலகத்தில் ‘பிரிண்ட்கன்சோல்’ என்றொரு அமைப்பு உண்டு. கர்சர் எங்கே நிற்கிறது, சாளரத்தின் எல்லை எது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கீழ்த்திரைக்கு ஒன்றைத் தொடங்கி, அதை அப்படியே இன்னொரு மாறியில் நகலெடுத்தால் போதும். எழுத்துருவும் நினைவகமும் பொது. கர்சரும் எல்லையும் தனித்தனி. ‘கன்சோல்செட்விண்டோ’வில் முதல் சாளரத்துக்கு 0, 0, 12, 24 என்றும் அடுத்ததற்கு 13, 0, 19, 24 என்றும் கொடுங்கள். நடுவில் ஒரு கட்டம் இடைவெளியாக நிற்கும். எழுதும் முன் ‘கன்சோல்செலக்ட்’ செய்ய மறந்தால் குறிப்பு போய்ப் பட்டியலில் விழும்.

ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. நம் எழுத்து 8×8-க்குள் அடங்காது. ‘ண’வின் சுழிகளை வரையவே இடமில்லை. நான்கு கட்டங்களைச் சேர்த்து 16×16 ஆக்கினால்தான் கண்ணுக்குத் தெளியும். கன்சோல் பயன்படுத்தும் கட்டப் பின்னணியில் கட்ட எண்ணுக்கு 10 பிட். ஆக 1024 கட்டங்கள். நான்கால் வகுத்தால் 256. தமிழின் 247 எழுத்துகளும் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். மிச்சம் 9 இடம். அதில் எண்களுக்கே இடம் பற்றாது. ‘ராஜபாளையம்’ கேட்கும் ‘ஜ’வும், ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ கேட்கும் ‘ஸ்ரீ’யும் எங்கே போகும்?

எழுத்தை உறுப்புகளாகப் பிரிப்பதே சரியான வழி. டிஸ்கி குறியாக்கம் செய்ததும் இதைத்தான். உயிரும் ஆய்தமும் 13. மெய், அகரம், உகரம், ஊகாரம் நான்குக்கும் 18 வீதம் 72. கால், விசிறி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, சுழித்த விசிறி என 6. மொத்தம் 91 வடிவங்கள். ‘டி’, ‘டீ’ இரண்டையும் தனியாக வரைந்துகொள்ளலாம். கிரந்தத்துக்கும் எண்ணுக்கும் தாராளமாக இடம் இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ‘ராஜபாளையம்’ ஆறெழுத்து, 12 கட்டத்தில் முடியும் என்று கணக்குப் போட்டிருப்போம். இப்போது உடல் எழுத்து ஆறுக்கு 12, கால் இரண்டுக்கு 2, இணைக்கொம்புக்கு 2. ஆக 16 கட்டம். ஊர்ப் பெயர் ஒன்றே பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. வலப்பக்கக் குறிப்பில் வரிக்கு ஒரு சொல் நின்றால் அதிகம். நூலகமோ சொல்லைப் பார்த்து மடக்காது. எல்லை வந்த இடத்தில் வெட்டிவிடும்.

ஆகவே தமிழுக்குப் பக்கம் பக்கமாகச் சாளரம் வைக்காதீர்கள். மேலும் கீழுமாக வையுங்கள்: பட்டியலுக்கு 0, 0, 32, 8, குறிப்புக்கு 0, 8, 32, 16. மேலே நான்கு தமிழ் வரி, கீழே எட்டு. அச்சிடும் செயற்கூற்றை மட்டும் நாமே எழுத வேண்டும். நூலகத்துடையது ஒற்றைக் கட்ட எழுத்தை மட்டுமே அறியும். அடுத்த வாரம் அதை எழுதுவோம். அதற்குள் கட்டத்தாளில் உங்கள் ஊர்ப் பெயரை 16 புள்ளி உயரத்தில் வரைந்து வையுங்கள்.