கடல் நீரும் குடக் கணக்கும்

மாமல்லபுரத்துக் கடற்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த முதிய தாயார் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பேச்சினிடையே, “வீட்டிற்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகிறது, அம்மா?” என்று கேட்டோம். சிறிதும் தயங்காது, “பதினாறு குடம், சாமி. பேத்தி தலைக்குக் குளித்தால் பதினெட்டு” என்றார். சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் அவருடைய மகனும் அன்று வந்திருந்தார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டோம். “குழாயைத் திறந்தால் வருகிறது, சாமி. யார் கணக்குப் பார்த்தார்கள்?” என்று சிரித்தார்.

குடத்திற்கு 15 லிட்டர் என்று கொண்டால் தாயாரின் கணக்கு 240 லிட்டர். வீட்டில் ஐவர் உள்ளனர்; ஆகவே தலைக்கு 48 லிட்டர். 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளொன்றுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். புதைசாக்கடை உள்ள நகரங்களுக்கோ 135 லிட்டர் என்பது நெடுநாளைய அளவுகோல். மகன் சிரித்தாலும், அவர் வீட்டுப் பகுதிக்குச் செல்லும் குடிநீரில் ஒரு பங்கு தாயார் வாழும் இதே கடலிலிருந்து எடுக்கப்படுவது என்பதை அவர் அறிவார்.

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் காணலாம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளிக்கும் முதல் நிலையம் 2013 பிப்ரவரியிலும், 15 கோடி லிட்டர் அளிக்கும் இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டருக்கான நிலையத்திற்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினர். 2019-ஆம் ஆண்டுக் கோடையை நம் குடும்பங்கள் மறந்திரா. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வானம் பொய்த்த அந்நாட்களிலும் மீஞ்சூரையும் நெம்மேலியையும் கடல் கைவிடவில்லை.

இது நடைபெறும் முறையை இல்லத்தரசிகள் எளிதில் உணர்வர். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது உப்பிப் பருக்கிறது. இனிப்பு மிகுந்த உட்புறத்தை நோக்கித் தோலின் வழியே நீர் தானாகவே செல்கிறது. உப்பு நீரையும் நன்னீரையும் ஒரு மெல்லிய சவ்வினால் பிரித்தாலும் அவ்வாறே நன்னீர் உப்பு நீரை நாடிச் செல்லும். உப்பு நீரின்மேல் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தம் செலுத்தினால் இப்போக்கு தலைகீழாகும். உப்பு தங்கிவிட, நீர் மட்டும் மறுபுறம் கசியும். தொடக்கத்தில் இருந்த சவ்வுகளில் கசிந்த நீரோ மிகச் சிறிது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் அடிப்புறம் நுண்துளைகளும் மேற்புறம் மிக மெல்லிய தோலும் கொண்ட சவ்வை உருவாக்கிக் காட்டினர். கசிவு பன்மடங்கு பெருகிற்று. சவ்வின் பொருள் பின்னர் மாறிவிட்டது. ஆயினும் உலகெங்கும் உள்ள இத்தகைய நிலையங்கள் அவ்விருவருக்கும் கடன்பட்டவையே. நம் பாடநூல்களில் சௌரிராஜன் பெயர் இன்னும் சற்று உரக்க ஒலிக்கலாம்.

நம் கரையிலேயே ஆராய்ச்சியும் நிகழ்ந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இருமுறைகளையும் ஒருங்கே ஆராய்ந்தனர்: அணுமின் நிலையத்து நீராவியின் வெப்பத்தால் கடல்நீரை ஆவியாக்கி நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர், சவ்வு முறையில் 18 லட்சம் லிட்டர்.

இத்தகைய நிலையங்களில் நம்மை வியக்கவைப்பது இயந்திரங்களின் பேரிரைச்சலன்று, இடையறாது நடைபெறும் அளவீடே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. குடிநீரிலோ அரை கிராமுக்குள் இருத்தல் வேண்டும். உப்பு மிகுந்த நீரில் மின்சாரம் எளிதில் பாய்வதால், மின்கடத்தும் திறனை அளந்தே உப்பின் அளவை அறிகின்றனர். ஒரு குழலிலிருந்து வரும் நீரில் மட்டும் அந்த எண் ஏறினால், அக்குழலின் சவ்வோ இணைப்போ பழுதுற்றது என்று கண்டுகொள்வர். வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கும்போது, கலங்கலின் அளவைக் கண்டு உற்பத்தியைக் குறைக்கவும் நேரும்.

இதற்கு ஆகும் விலையும் சிறிதன்று. ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டருக்கு மூன்றரை லட்சம் யூனிட்டிற்குக் குறையாது என்று கணக்கிட்டுக்கொள்க. மேலும், உட்கொள்ளும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகிறது. எஞ்சியது ஏறத்தாழ இருமடங்கு உப்புடன் கடலுக்கே திரும்புகிறது.

இங்கேதான் நம் மனம் சற்று உறுத்துகிறது. நிலையத்தை அடுத்த சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர் கரை அரிப்பைப் பற்றியும் மீன் குறைவதைப் பற்றியும் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். கரை அரிப்பிற்குக் காரணங்கள் பல. கல்தடுப்புகளும் துறைமுகங்களும் மணலின் ஓட்டத்தை மாற்றுகின்றன என்பதை அறிவோம். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் கரையோர மாற்றங்களை அளந்து 2018-இல் வெளியிட்டது. ஆயினும் தன் குடிசைக்கு முன் எத்தனை அடி போயிற்று, கழிவுநீர் கலக்குமிடத்தில் உப்பு இன்று எவ்வளவு என்று கேட்கும் மீனவனுக்கு, அவன் தமிழில், அவன் ஊர்ப் பலகையில் விடை எழுதப்படுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆலைக்குள் நிமிடந்தோறும் எண்களைக் குறிக்க இயலும்போது, வேலிக்கு வெளியே அவற்றைச் சொல்ல ஏன் இயலாது? முன்னைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், 1,100 ஆண்டுகளுக்கு முன் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது என்பது அன்றைய விதி.

நகரத்து வீடுகளின் நிலையோ வேறு. மில்லிகிராம் வரை அளக்கப்பட்ட நீர், மீட்டர் இல்லாத பெரும்பாலான வீடுகளுக்குள் அளவின்றி நுழைந்துவிடுகிறது.

தாயாரின் மகன் இதனைக் கேட்டுச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் வந்தபோது ஒரு சிறு குறிப்பேட்டை நம்மிடம் நீட்டினார். தம் குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் செலவை வாளியால் அளந்து ஒரு வாரம் குறித்திருந்தார். நால்வருக்கு நாளொன்றுக்குச் சராசரி 690 லிட்டர். தாயாரிடம் சொன்னோம். லிட்டர் அவருக்குப் பிடிபடவில்லை. “குடத்தில் சொல்லுங்கள், சாமி” என்றார்.

“நாற்பத்தாறு, அம்மா” என்றோம்.

அவர் மகனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு தெருக்குழாயை நோக்கி நடந்தார். மகன் எழுந்து சென்று அக்குடத்தை வாங்கிக்கொண்டார்.