மின்விசிறியில் நட்சத்திரம் பார்த்தீர்களா?

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர் மின்விசிறி கேட்டால், "நிமிஷத்துக்கு 400 சுத்து மாமி, தங்கக் கரை வேற!" என்பார் கடைக்காரர். கரை பார்க்க இதென்ன பட்டுப் புடவையா?

சுற்றுகிற வேகம் வேறு, கிடைக்கிற காற்று வேறு. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று என்று அளந்துதான் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திரம் கொடுக்கிறது. இஷ்டப்பட்டால் ஒட்டலாம் என்றிருந்தவரை, கம்பெனிகளுக்கு வண்ணமும் வேகமும் சொன்னாலே விற்றது. 2023 ஜனவரி 1 முதல் கூரை மின்விசிறிக்கு அந்தச் சீட்டு கட்டாயம். அளவுகோலையும் அப்போதே இறுக்கிவிட்டார்கள். பழைய 5 நட்சத்திரம் புதுக் கணக்கில் வெறும் 1 தான்! அதனால் சீட்டில் ஆண்டையும் பாருங்கள்.

பழைய ரகம் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது சுமார் 30. நம்மூர் வெயிலுக்கு தினம் 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரே விசிறியில் 43 யூனிட் மிச்சம். விலை கூடத்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். குழந்தை தூங்கும் அறைக்கு முதலில் வாங்குங்கள். எப்போதாவது போடுகிற பூஜை அறை விசிறி அப்படியே இருக்கட்டும்.