மாட்டுக்கு ஊட்டம், செம்மறிக்கு நஞ்சு

குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் வேலை முடிந்து வந்து நாலைந்து ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்கள் இன்றும் உண்டு. தீபாவளிக்கும் குலதெய்வப் பூசைக்கும் அந்தக் கொட்டகைதான் சேமிப்பு. தீவன விலை ஏறினால் கை தேடுவது செம்பனை விதைப் புண்ணாக்கை. விலை குறைவு, உள்ளூரிலேயே கிடைக்கும்.

மாட்டுக்கு அது நல்ல தீனி. வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறி ஆட்டுக்கு மட்டும் கவனம் வேண்டும். காரணம், அதிலுள்ள செம்பு.

செம்பு வேண்டாத பொருள் அல்ல. இரத்தம் ஊறவும் எலும்பு உறுதிப்படவும் ரோமம் வளரவும் அது தேவை. ஆனால், ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 10 மில்லிகிராம் இருந்தாலே செம்மறிக்குப் போதும். 15 மில்லிகிராமைத் தாண்டி நீண்ட நாள் கொடுத்தால் ஆபத்து தொடங்கலாம். புண்ணாக்கிலோ கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

மிகுதிச் செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும் திறன் செம்மறிக்குக் குறைவு. அது கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் ஆடு நன்றாகவே தெரியும். ஒருநாள் தேங்கிய செம்பு இரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களை உடைக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும்.

இதற்கு மாற்று வழியை நம் நாட்டு ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகளில், தீவனத்தில் துத்தநாகம் அல்லது மாலிப்டினம் சேர்த்தபோது கல்லீரலில் செம்பு சேர்வது குறைந்தது. துத்தநாகம் குடலிலேயே செம்பைத் தடுக்கிறது. மாலிப்டினம், கந்தகத்துடன் கூடி, செம்பை உடலில் ஒட்டவிடாமல் கட்டிப்போடுகிறது. ஒரு தாதுவின் கேட்டை இன்னொரு தாது தணிக்கிறது!

அதற்காக நாமே கடையில் வாங்கிக் கலந்துவிடக்கூடாது. அளவு மீறினால் அவையும் நஞ்சுதான். செம்மறித் தீவனத்தில் புண்ணாக்கு 30 விழுக்காட்டைத் தாண்டாமல், மீதிக்குப் புல்லும் தழையும் கொடுங்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கட்டியைச் செம்மறிக் கொட்டகையில் தொங்கவிடாதீர்கள். அதிலும் செம்பு இருக்கலாம். ஐயம் வந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள்.

"சத்துதானே, கூடக் கொடுத்தால் என்ன?" என்று நினைப்பது பாசம்தான். செம்மறி விஷயத்தில் அந்தப் பாசத்துக்கும் அளவு வேண்டும்.