மலரில் உறையும் நஞ்சும் மருந்தும்

இயற்கையில் நன்மையும் தீமையும் தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்து கிடக்கின்றனவா? அன்றி, ஒரே பொருளுக்குள் இரண்டும் உறைகின்றனவா? மெய்யியலாரின் இவ்வினாவை ஷேக்ஸ்பியர் ஒரு மூலிகைக் கூடையின் துணைகொண்டு மேடையேற்றினார்.

1597இல் முதன்முதலாக அச்சேறிய ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், வைகறைப் பொழுதில் செடிகொடிகளைப் பறித்தவாறு துறவி லாரன்ஸ் தோன்றுகிறார். உயிர்களை ஈன்ற மண்ணே அவற்றின் கல்லறையும் ஆகிறது என்று அவர் சிந்திக்கிறார். சிறிதேனும் பயன் தராத இழிபொருள் உலகில் இல்லை. முறைதவறிக் கையாண்டால் கெடாத நற்பொருளும் இல்லை. கையிலுள்ள சிறு மலரையே அவர் சான்றாக்குகிறார்: முகர்ந்தால் அது புத்துணர்வு தரும், சுவைத்தால் உயிரைப் போக்கும். மனிதனுக்குள்ளும் இவ்வாறே அருளும் அடங்காத் தன்விருப்பும் எதிரெதிரே பாசறை அமைத்துள்ளன என்கிறார்.

இது வெறும் கவிக்கற்பனை அன்று. நச்சுத் தன்மையுள்ள டிஜிட்டாலிஸ் செடியின் மருத்துவப் பயனை வில்லியம் வித்தரிங் 1785இல் நூலாக வெளியிட்டார். உரிய அளவில் அது இதயத்திற்கு மருந்து. அளவு மீறின் நஞ்சு.

1599ஆம் ஆண்டுப் பதிப்பில், மலரைப் பற்றிய வரிகளுக்குச் சற்று முன்னரே ரோமியோ மேடையில் நுழைந்துவிடுவது நோக்கத்தக்கது. நஞ்சுண்டு மாயப்போகும் இளைஞன் நஞ்சைப் பற்றிய உரையின்போதே நம் கண்முன் நிற்கிறான்.

இனி, துறவியின் செயல்களைக் காண்போம். பகைகொண்ட இரு குடும்பங்களை இணைக்கும் நன்னோக்குடன் காதலரின் மறைவுத் திருமணத்திற்கு அவர் இசைகிறார். அவசரம் ஆகாதென அறிவுறுத்திய அவரே அன்றைய தினமே மணம் முடிக்கிறார். பின்னர் ஜூலியட்டை 42 மணிநேரம் பிணம்போல் கிடத்தும் மருந்தைத் தருகிறார். இதை விளக்கும் மடலைச் சுமந்து சென்ற துறவியோ, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்படுகிறார். செய்தி எட்டாத ரோமியோ, வறிய மருந்து வணிகனிடம் 40 டக்கட் கொடுத்து நஞ்சு வாங்குகிறான். அந்நஞ்சினும் பொன்னே கொடிய நஞ்சு என்றும் சொல்கிறான். இறுதியில் லாரன்ஸ் இருளில் கல்லறைகளில் கால் இடறியபடி ஓடிவருகிறார். காலம் கடந்துவிடுகிறது.

மூலிகையின் இருதன்மையை நன்கறிந்தவர், தம் நற்செயலுக்கும் அத்தகைய இருதன்மை உண்டென்பதை மறந்தார். செடிக்கும் மனிதனுக்கும் அவர் கண்ட ஒப்புமையில் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. நஞ்சாவதா மருந்தாவதா என்று மலர் தேர்ந்துகொள்வதில்லை. அதைப் பறிக்கும் கையே தேர்கிறது. எனவே தீமையின் பொறுப்பை இயற்கையின்மீது சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. நல்லெண்ணம் மட்டுமே நம்மைக் காக்கும் என்றிருக்கவும் இயலாது. அளவும் நிதானமும் விளைவறியும் விழிப்பும் அதனுடன் சேர்ந்தாக வேண்டும்.