அம்மாவும் வீரனும் பிளேன் ஏறுவதற்கு

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டை, தகரம், கதவுநிலை என்று எல்லாம் ஏற்றினோம். நாயை ஏற்ற இடம் இருக்கவில்லை. அம்மா சங்கிலியை அவிழ்த்து விட்டார். கரடிப்போக்குச் சந்தி மட்டும் அது பின்னால் ஓடி வந்தது. 2010இல் திரும்பி வந்தபோது வளவில் சங்கிலி மட்டும் கிடந்தது.

இப்போது அம்மாவுக்கு 71 வயது. பிரான்சில் இருக்கும் தம்பி தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். "வீரனை விட்டிட்டு நான் வரமாட்டன். ஒருக்கா அவிட்டு விட்டது காணும்" என்பதுதான் அம்மாவின் பதில். வீரன் சாதாரண ஊர்நாய். அவனுக்காகச் சில மாதங்களாகக் கடதாசிகளின் பின்னால் திரிகிறேன். நான் பிழைவிட்ட இடத்தில் நீங்களும் பிழைவிடாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

ரிக்கற்றை முதலில் எடுத்துவிடாதீர்கள். விசர்நாய் நோய் காரணமாக, இலங்கையிலிருந்து போகும் நாய்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடுமையான ஒழுங்கு வைத்திருக்கிறது. முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. நாய்க்கு 12 கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். நோயெதிர்ப்பு அளவு 0.5 அலகுக்குக் குறையக்கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலே நான்கு மாதம்.

ஊரில் போட்ட தடுப்பூசி அட்டைகள் மூன்று எங்களிடம் இருந்தன. அவற்றை நம்பி இருந்துவிட்டேன். சிப்புக்கு முந்திய ஊசி கணக்கில் வராது. அது இந்த நாய்க்குத்தான் போட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை. முதலிலிருந்து தொடங்கினோம். சிப் இலக்கத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா, "எங்களுக்கும் முகாமில நம்பர் தந்தவங்கள்தானே" என்றார். மிருக வைத்தியர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஊசியின் தவணையையும் தவறவிடாதீர்கள். தவறினால் இரத்தப் பரிசோதனையும் செல்லாது.

கடைசியில் அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ். இது பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் காட்டப்பட வேண்டியது என்பதால் முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தடுப்புக்காப்புப் பிரிவோடு பயண நாளைச் சொல்லி முதலே பேசிக்கொள்ளுங்கள். நாயும் உரிமையாளரும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும். அம்மா முதலில் போகட்டும், நாயைப் பிறகு அனுப்பலாம் என்ற எங்கள் யோசனை அதோடு முடிந்தது.

பிரித்தானியாவுக்கும் ஏறக்குறைய இதே காத்திருப்புத்தான். ஆனால் அங்கே விமானத்தில் போகும் நாய் சரக்காகத்தான் இறங்கலாம். போய்ச் சேர ஒன்று முதல் ஐந்து நாளுக்கு முன் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். கனடா 2022 செப்டெம்பர் 28 முதல் இலங்கை போன்ற நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ வரும் நாய்களைத் தடுத்துவிட்டது. சொந்த நாய்க்கு அந்தத் தடை இல்லை. அவுஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரே கொண்டுபோக முடியாது. இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும், நாயை எங்கே ஏற்றுவார்கள் என்பதையும் விமான நிறுவனத்திடம் கேட்ட பிறகு ரிக்கற் எடுங்கள்.

இனி பெட்டி. நாய் தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வளவெல்லாம் ஓடித் திரிந்த நாயைக் கடைசி நாளில் பிடித்து அடைத்தால் அது தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். கட்டுநாயக்கவுக்கே இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர், வானில். நித்திரை மருந்து கொடுத்தால் என்ன என்று நானும் கேட்டேன். கூடாது. உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் குழம்பும். மயக்கத்தில் இருக்கும் நாயை ஏற்ற மறுப்பார்கள்.

அதனால் பெட்டியை இப்போதே வாங்கித் திண்ணையில் வைத்தோம். அம்மா தன் பழைய சீலை ஒன்றை உள்ளே விரித்து, மீன்தலையும் சோறும் அதற்குள்தான் வைக்கிறார். பிளேன் சத்தம் கேட்டால் இன்றும் அண்ணாந்து பார்ப்பவர் அவர். அந்தப் பயத்துக்குப் பெட்டி ஒன்றும் கிடையாது.

இரத்தம் எடுத்து ஏழு கிழமை. முதல் இரண்டு கிழமையும் வீரன் பெட்டிக்குள் தலையை மட்டும் விட்டுச் சாப்பிட்டான். இப்போது மத்தியானத்தில் தானே போய்ப் படுக்கிறான். கதவை இன்னும் சாத்திப் பார்க்கவில்லை.